நெருக்கடி நாட்களில் பாராளுமன்ற ஆட்சி எந்த வழியால் மாறுகிறது: சனசமூக நிலையங்களுக்கான கைநூல்

இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தது 1931 இல். அதன் பிறகு ஆட்சி ஒருமுறைகூட இராணுவத்தின் கைக்குப் போகவில்லை. 1962 இல் நடந்த சதி முயற்சியும் நிறைவேறவில்லை. ஆனால் அன்று தொடங்கிய ஆட்சிமுறைதானா இன்றும் இருக்கிறது என்று கேட்டால், இல்லை என்றே சொல்லவேண்டும். மேற்சபை 1971 இல் போனது. சிறுபான்மையினருக்குக் காப்பாக எழுதப்பட்ட 29 ஆம் பிரிவு 1972 இல் போனது. பாராளுமன்றத்துக்குப் பொறுப்புச் சொன்ன பிரதமருக்கு மேலே 1978 இல் நிறைவேற்று ஜனாதிபதி வந்தார். எல்லாம் கையெழுத்து, முத்திரை, வாக்கெடுப்பு என்று ஒழுங்கான கடதாசி வழியில் நடந்தவை. நாடு வேறொன்றைப் பார்த்துப் பதறிக்கொண்டிருந்த நேரங்களில் நடந்தவையும் அவற்றுள் பல.

அதனால்தான் நெருக்கடி வந்தால் தொலைக்காட்சியில் யார் கத்துகிறார்கள் என்பதை விட, எந்தக் கடதாசி வெளியாகிறது, அது எந்த நாளில் காலாவதியாகிறது என்பதைக் கவனிப்பது முக்கியம் என்கிறோம். யாழ்ப்பாணத்து வாசிகசாலைகளில் இதைச் செய்ய நாலைந்து பேர் போதும்.

கையில் இருக்கவேண்டியவை

21 ஆம் திருத்தம் வரை சேர்த்த அரசியலமைப்புப் பிரதி ஒன்று. இங்கேதான் முதல் பிழை நடக்கிறது. அலுமாரியில் இருக்கும் பிரதி 2015 ஐச் சேர்ந்ததா, 2020 ஐச் சேர்ந்ததா என்று பாராமல் வாசித்து வாதாடுவார்கள். 2015, 2020, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஒரே உறுப்புரைகள் திரும்பத் திரும்ப மாற்றப்பட்டன. பாராளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரத்தையே எடுங்கள்: 1978 இன் மூலப் பிரதியில் தேர்தலுக்குப் பிறகு ஓராண்டுக் காப்பு, 2015 இன் 19 ஆம் திருத்தத்தில் நாலரை ஆண்டு, 2020 இன் 20 ஆம் திருத்தத்தில் இரண்டரை ஆண்டு. இரண்டரைதான் இப்போதும் நடைமுறை.

ஒரு சீ.ஆர். கொப்பி. ஆறு நிரல் கீறுங்கள்: திகதி, செய்யப்பட்ட செயல், எந்த உறுப்புரை அல்லது பிரிவின் கீழ், யாருடைய கையெழுத்து, காலாவதி நாள், அதை யார் இரத்துச் செய்யலாம். முதல் நாலையும் யாரும் நிரப்புவார்கள். ஐந்தாவதும் ஆறாவதும் வெறுமையாக இருந்தால் அந்தப் பதிவுக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் குறியிடுங்கள். முடிவு நாள் இல்லாத செயலும், யாராலும் திருப்ப முடியாத செயலும்தான் ஆட்சிமுறையை உண்மையில் மாற்றுகின்றன.

சிங்களம் வாசிக்கக்கூடிய ஒருவரும் குழுவில் இருக்கவேண்டும். அரசியலமைப்பின் பிரதிகளுக்கிடையே முரண் வந்தால் சிங்களப் பிரதியே மேலோங்கும். தமிழ்ப் பிரதியை மட்டும் வைத்து முடிவெடுப்பது ஆபத்து.

வர்த்தமானியைப் பிடிப்பது

கிழமைதோறும் வரும் வர்த்தமானி வெள்ளிக்கிழமை வெளியாகும். நெருக்கடிக் காலத்தில் பார்க்கவேண்டியது அதிவிசேட வர்த்தமானி. அது எந்த நாளும் வரும், நள்ளிரவிலும் வரும். இலக்கத்தைப் பாருங்கள்: 2096/70 என்றால் 2096 ஆம் கிழமை இலக்கத்தின் கீழ் வந்த 70 ஆவது அதிவிசேட இதழ். வட்ஸ்அப்பில் படம் வந்தால் இந்த இலக்கத்தை வைத்து அரச அச்சுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தேடுங்கள். அங்கே கிடைக்கும்வரை அதைக் கொப்பியில் ஏற்றவேண்டாம். சட்டமூலம், சான்றுரைக்கப்பட்ட சட்டம், பிரகடனம், ஒழுங்குவிதி ஆகிய நாலும் வேறுவேறு. சட்டமூலம் வர்த்தமானியில் வந்தால் அது இன்னும் சட்டமல்ல. இதைக் குழப்பிச் சனத்தைப் பயமுறுத்துவது அடிக்கடி நடக்கிறது. இதைக் குழப்பி, ஆட்சேபிக்கக் கிடைத்த நாட்களைத் தவறவிடுவது அதைவிட அடிக்கடி நடக்கிறது.

நிறுத்தியதா, கலைத்ததா?

கூட்டத்தொடரை முடிவுறுத்துவது ஒன்று. பாராளுமன்றத்தைக் கலைப்பது வேறொன்று. முடிவுறுத்தினால் உறுப்பினர்கள் உறுப்பினர்களாகவே இருப்பார்கள். அடுத்த கூட்டத்தொடர் தொடங்கும் நாளைப் பிரகடனத்திலேயே குறிக்கவேண்டும். அது இரண்டு மாதத்துக்கு மேற்படக்கூடாது. கலைத்தால் தேர்தல் நாளையும் புதிய பாராளுமன்றம் கூடும் நாளையும் குறிக்கவேண்டும். கூடுவது மூன்று மாதத்துக்குள். இரண்டும் 70 ஆம் உறுப்புரையில் இருக்கின்றன.

2018 இன் நெருக்கடி இதைப் படிக்க மிகச் சிறந்த பாடம். ஒக்ரோபர் 26 இரவு ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மஹிந்த ராஜபக்ஷவை நியமித்தார். மறுநாள் கூட்டத்தொடர் நவம்பர் 16 வரை நிறுத்தப்பட்டது. நிறுத்தியதன் பயன் என்ன என்று கொப்பியில் எழுதிப் பார்த்தால் விளங்கும்: பெரும்பான்மை யாருக்கு என்று எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரேயொரு மண்டபம் பூட்டப்பட்டது. எண்ணிக்கை பெரும்பான்மைக்கு வேண்டிய 113 ஐத் தொடவில்லை என்றானதும் நவம்பர் 9 இரவு கலைப்புப் பிரகடனம் வந்தது. ஜனவரி 5 தேர்தல், ஜனவரி 17 புதிய பாராளுமன்றம் என்று எல்லாம் முறைப்படி எழுதியிருந்தது.

அப்போது செய்யவேண்டியிருந்த கணக்கு எளியது. அந்தப் பாராளுமன்றம் முதல் கூடியது 2015 செப்ரெம்பர் 1. அன்றைய விதி நாலரை ஆண்டு. அதாவது 2020 மார்ச் 1 வரை, பாராளுமன்றமே மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு கேட்டாலன்றிக் கலைக்க முடியாது. ஜனாதிபதி தரப்பு, பொதுவான அதிகாரங்களை எண்ணும் 33 ஆம் உறுப்புரையில் கலைக்கும் அதிகாரம் தனியாக இருக்கிறது என்று வாதாடியது. இரா. சம்பந்தனின் பெயர் முதலில் நின்ற வழக்கில், ஏழு நீதியரசர்கள் டிசம்பர் 13 அன்று ஏகமனதாக அதை மறுத்தார்கள்: பொதுவாகச் சொன்ன அதிகாரம், 70 ஆம் உறுப்புரை விதித்த எல்லைக்குள்ளேயே இயங்கவேண்டும். எந்த நெருக்கடியிலும் கையில் வைத்திருக்கவேண்டிய வாசிப்பு முறை இது. பொது அதிகாரம் ஒன்றைக் காட்டினால், அதே விடயத்துக்குத் தனிவிதி வேறெங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

இதே கணக்கை இப்போதைய பாராளுமன்றத்துக்கும் போட்டு வையுங்கள். முதல் அமர்வு 2024 நவம்பர் 21. இரண்டரை ஆண்டு 2027 மே 21 இல் முடிகிறது. அதற்கு முன் கலைப்பென்றால் பாராளுமன்றத்தின் தீர்மானம் எங்கே என்று கேட்கவேண்டும்.

2018 இல் இன்னொன்றும் நடந்தது; பலர் மறந்துவிட்டார்கள். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை ஒரு தரப்பு ஏற்க மறுத்து, சபையில் மிளகாய்த்தூள் வீசும் நிலை வந்தபோது, பெரும்பான்மை உறுப்பினர்கள் பணத்தின் பக்கம் திரும்பினார்கள். நவம்பர் 29 அன்று பிரதமர் அலுவலகச் செலவை நிறுத்தும் பிரேரணை 123 வாக்குகளால் நிறைவேறியது. டிசம்பர் 3 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த அமைச்சரவை இயங்கத் தடை விதித்தது. டிசம்பர் 15 இல் மஹிந்த விலகினார். பாராளுமன்றம் தன் இடத்தைக் காத்துக்கொண்ட அபூர்வமான சந்தர்ப்பம் இது.

2020 இல் அப்படி நடக்கவில்லை. மார்ச் 2 இல் கலைக்கப்பட்டது. கொவிட் காரணமாகத் தேர்தல் ஓகஸ்ட் 5 வரை தள்ளிப்போனது. புதிய பாராளுமன்றம் ஓகஸ்ட் 20 இல்தான் கூடியது. மூன்று மாத எல்லை கடந்தும் பழைய பாராளுமன்றம் மீளக் கூட்டப்படவில்லை. மனுக்கள் ஆரம்ப நிலையிலேயே தள்ளுபடியாகின. ஐந்து மாதத்துக்கு மேலாக நாடு பாராளுமன்றம் இல்லாமல் நடந்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில் 20 ஆம் திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறி, உயர் பதவி நியமனங்களுக்கு ஒப்புதல் தரும் அரசியலமைப்புப் பேரவையின் இடத்தில் அபிப்பிராயம் மட்டும் சொல்லக்கூடிய பாராளுமன்றப் பேரவை வந்தது. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

அவசரகாலம்

அவசரகாலத்துக்கு அடிப்படை 1947 இன் பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். பிரகடனம் ஒரு மாதம் நிற்கும். 14 நாட்களுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் விழுந்துவிடும். பிரகடனமும் அதன் கீழான ஒழுங்குவிதிகளும் தனித்தனி வர்த்தமானியாக வரும். பிரகடனம் ஒரு பக்கம். ஒழுங்குவிதிகள் பல பக்கம். கைது, தடுத்துவைப்பு, கூட்டத் தடை எல்லாம் இரண்டாவதில்தான் இருக்கும். ஒழுங்குவிதி சாதாரண சட்டத்தை மீறலாம். அரசியலமைப்பை மீற முடியாது.

அவசரகாலம் இல்லாத நேரத்திலும் அதே சட்டத்தின் 12 ஆம் பிரிவின் கீழ் ஆயுதப்படையை அழைக்கும் கட்டளை வரலாம். ஒரு மாதத்துக்கு ஒன்றாக, மாவட்டங்களின் பெயரோடு வரும். அதைத் தனியாகக் கொப்பியில் ஏற்றுங்கள். மாதாமாதம் புதுப்பிக்கப்படுவது வழக்கமாகிவிட்டால் செய்தியாகவும் வராது.

பழைய உதாரணம் எங்கள் வாசலிலேயே இருக்கிறது. ஜே.வி.பி. கிளர்ச்சிக்காக 1971 மார்ச்சில் வந்த அவசரகாலம் 1977 பெப்ரவரி வரை நீடித்தது. 1972 இன் குடியரசு அரசியலமைப்பு அந்த நிழலில்தான் பிறந்தது. அதை எதிர்த்து எஸ். ஜே. வி. செல்வநாயகம் காங்கேசன்துறை ஆசனத்தை 1972 ஒக்ரோபரில் துறந்து, இடைத்தேர்தலில் மக்களின் தீர்ப்பைக் கேட்டார். தேர்தல் வந்தது 1975 பெப்ரவரி 6 இல். இரண்டு ஆண்டுக்கு மேல் ஒரு தொகுதி உறுப்பினர் இல்லாமல் இருந்தது. தெற்கில் நடந்த கிளர்ச்சிக்காகக் கொண்டுவரப்பட்ட ஏற்பாட்டின் கீழ், வடக்கில் ஒரு வாக்குப்பெட்டி தள்ளிப்போனது. அதே காலத்தில் பாராளுமன்றமும் தன் ஆயுளைத் தானே நீட்டிக்கொண்டது. 1970 இல் தெரிவான சபை, புதிய அரசியலமைப்பு வந்த நாளிலிருந்து ஐந்தாண்டு என்று எழுதி 1977 வரை இருந்தது.

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் மூன்று ஆண்டுக்கென்று வந்தது. 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. ஐந்தாம் நிரலில் எழுதிய நாள் வரும்போது மறுபடி திறந்து பார்க்கவேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

2022 ஜூலை 17 இன் அவசரகாலப் பிரகடனத்தை எடுத்தால், மூன்று ஆண்டு கழித்து, 2025 ஜூலையில்தான் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் அது அடிப்படை உரிமைகளை மீறியது என்றது. தீர்ப்பு நல்லது. ஆனால் அந்த நாட்களைத் திருப்பித் தராது.

எண்ணிக்கைகள்

225 பேரில் 113 சாதாரண பெரும்பான்மை. 150 மூன்றில் இரண்டு. சபை நடக்க 20 பேர் இருந்தால் போதும். 83 ஆம் உறுப்புரை சொல்லும் சில விடயங்களுக்கு 150 உடன் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும்: இறைமை, ஒற்றையாட்சி, மதம் போன்ற அடிப்படை உறுப்புரைகள், பாராளுமன்றத்தினதோ ஜனாதிபதியினதோ காலத்தை ஆறு ஆண்டுக்கு மேல் நீட்டுவது.

சர்வசன வாக்கெடுப்பைக் காப்பு என்று நம்பியிருக்கவும் கூடாது. 1982 டிசம்பர் 22 இல், பொதுத்தேர்தலை நடத்துவதற்குப் பதிலாக அதே பாராளுமன்றத்தை மேலும் ஆறு ஆண்டு வைத்திருக்கலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். விளக்குச் சின்னம் ஆம், குடம் இல்லை. நாடளாவில் விளக்கு சுமார் 54.7 வீதம். யாழ் மாவட்டம் பெருவாரியாகக் குடத்துக்கே போட்டது. 1977 இல் 168 ஆசனங்களில் 140 ஐ வென்ற கட்சியின் பலம் அப்படியே 1989 வரை உறைந்தது. அந்தப் பலம் கையில் இருந்தபடியால்தான், கறுப்பு ஜூலையின் புகை அடங்குமுன், 1983 ஓகஸ்டில் 6 ஆம் திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிக்கமாட்டோம் என்று அது கேட்ட சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனம் இழந்தார்கள். வன்முறைக்கு உள்ளான மக்களின் பிரதிநிதிகள்தான் சபையை விட்டு வெளியேற்றப்பட்டார்கள் என்பதை இளைஞர்களுக்குத் திகதியோடு சொல்லுங்கள்.

சட்டமூலத்தை எதிர்க்க வேண்டுமென்றால் நிறைவேறும் முன் எதிர்க்கவேண்டும். 80(3) ஆம் உறுப்புரையின்படி, சபாநாயகர் சான்றுரைத்த பிறகு எந்த நீதிமன்றமும் அந்தச் சட்டத்தின் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது. ஒழுங்குப் பத்திரத்தில் சேர்ந்த நாளிலிருந்து நாட்கள் ஓடத் தொடங்கும். எந்தப் பிரசையும் 121 ஆம் உறுப்புரையின் கீழ் மனுக் கொடுக்கலாம். உயர் நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தீர்மானம் சொல்லவேண்டும். மனுக்கால எல்லை மிகக் குறுகியது. வர்த்தமானியில் சட்டமூலம் வந்த அன்றே சட்டத்தரணியோடு பேசினால்தான் நேரம் கிடைக்கும்.

குழுநிலையில் சேர்க்கப்படும் திருத்தங்களை உயர் நீதிமன்றம் பார்ப்பதில்லை. இந்த ஓட்டையால்தான் மாகாண சபை தேர்தல் போனது. 2017 இல் பெண்களின் பிரதிநிதித்துவத்துக்கென்று வந்த ஒரு சட்டமூலத்துக்குள், செப்ரெம்பர் 20 அன்று குழுநிலையில் தேர்தல் முறை முழுவதையும் மாற்றும் பக்கங்கள் நுழைக்கப்பட்டன. புதிய முறைக்கு எல்லை நிர்ணயம் வேண்டும். அந்த அறிக்கை 2018 ஓகஸ்ட் 24 இல் 139 க்கு 0 என்று தோற்கடிக்கப்பட்டது. பழைய முறை சட்டத்தில் இல்லை; புதிய முறைக்கு எல்லை இல்லை. 2013 செப்ரெம்பர் 21 இல் தெரிவான வட மாகாண சபையின் ஐந்தாண்டு, 2018 ஒக்ரோபர் கடைசி வாரத்தில் முடிந்தது. கொழும்பில் இரண்டு பிரதமர் சண்டை வெடித்த அதே வாரம். ஆளுநரிடம் அதிகாரம் போனதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜனாதிபதி பதவி வெற்றானால்

40 ஆம் உறுப்புரை: பிரதமர் பதில் கடமை, ஒரு மாதத்துக்குள் பாராளுமன்றம் இரகசிய வாக்கெடுப்பில் ஒருவரைத் தெரிவுசெய்யும். 2022 ஜூலை 20 இல் ரணில் விக்கிரமசிங்க 134, டலஸ் அழகப்பெரும 82, அநுர குமார திசாநாயக்க 3. இருவர் வாக்களிக்கவில்லை. 2020 பொதுத்தேர்தலில் தேசியப்பட்டியலில் ஓர் ஆசனம் மட்டும் பெற்ற கட்சியின் தலைவர் நாட்டின் தலைவரானார். எல்லாம் சட்டப்படி. சட்டப்படி நடந்ததா என்பதும் மக்கள் ஆணை இருந்ததா என்பதும் இரண்டு கேள்விகள். கொப்பியிலும் இரண்டாகவே எழுதுங்கள்.

பணமும் வாக்காளர் இடாப்பும்

2023 மார்ச் 9 இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தலை யாரும் சட்டத்தால் இரத்துச் செய்யவில்லை. திறைசேரி பணம் விடுவிக்கவில்லை. அவ்வளவுதான். 2024 ஓகஸ்ட் 22 இல் உயர் நீதிமன்றம் அது அடிப்படை உரிமை மீறல் என்றது. வாக்களிப்பு 2025 மே 6 இல். பொருளாதார நெருக்கடி வந்தால் தேர்தல் செலவுக்கு ஒதுக்கிய தொகை, அச்சகத்துக்கு வாக்குச்சீட்டுப் பணம், தபால்மூல வாக்களிப்பு நாள் ஆகிய மூன்றையும் பின்தொடருங்கள். தபால் வாக்கு தள்ளிப்போவதுதான் முதல் அறிகுறி.

போர் யாழ் மாவட்டத்துக்குச் செய்ததை ஆசனக் கணக்கில் பார்க்கலாம்: 2010 இல் 9, 2015 இல் 7, 2024 இல் 6. ஆசனங்கள் பதிவான வாக்காளர் தொகைப்படி பகிரப்படுகின்றன. இடாப்பு மீளாய்வு நேரத்தில் கிராம அலுவலரிடம் போய், 18 வயதானவர்களும் ஊர் திரும்பியவர்களும் பதியப்பட்டார்களா என்று வீதிவாரியாகச் சரிபார்ப்பது ஆகக் குறைந்த செலவில் ஆகக் கூடிய பயன் தரும் வேலை.

செய்யக்கூடியவை

அடிப்படை உரிமை மனு: 126 ஆம் உறுப்புரை, செயல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில். நெருக்கடி முடியட்டும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் (யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் உண்டு) முறைப்பாடு செய்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டு மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்ததை நீதிமன்றம் கேட்கும். ஆகவே விசாரணை அழைப்புக் கடிதங்களைப் பத்திரப்படுத்துங்கள்.

பிரதிகளை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று ஊருக்கு வெளியே. 1981 ஜூன் 4 மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கு நாலு நாள் இருக்க யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அந்த ஊரில் ஆவணம் சேர்ப்பவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

இன்றே தொடங்கக்கூடியது தகவல் அறியும் உரிமை விண்ணப்பம். 2016 இன் 12 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் படிவம் 01. கேள்வியை ஆவணமாகக் கேளுங்கள். 'ஏன் மாகாண சபைத் தேர்தல் இல்லை?' என்று எழுதினால் அபிப்பிராயம் தர முடியாது என்று பதில் வரும். 'எல்லை நிர்ணய மறுஆய்வு தொடர்பாக அமைச்சு அனுப்பிய, பெற்ற கடிதங்களின் பிரதிகள், திகதி இன்னதிலிருந்து இன்னது வரை' என்று எழுதினால் கடிதம் வரவேண்டும், அல்லது கடிதமே இல்லை என்ற பதில் வரவேண்டும். இரண்டும் பயனுள்ளவை. தகவல் அலுவலர் 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். சனி, ஞாயிறு, போயா சேராது. மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. ஒவ்வொரு படியிலும் கடித உறையின் தபால் முத்திரையைக் கடிதத்தோடு சேர்த்துத் தைத்து வையுங்கள்.